சாப்பாட்டு பில்லில் வளர்ந்த ஜாஸ்

காரைக்குடிக்காரனுக்கு ஜாஸ்ல என்ன வேலைன்னு கேட்காதீங்க. காஞ்சிபுரம் பட்டு கட்டிக்கொண்டு ஜாஸும் பாப்பும் பாடிய உஷா உதுப், பம்பாயில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். சென்னை மவுண்ட் ரோட்டில் நைன் ஜெம்ஸ் என்ற கிளப்பில் தொடங்கி, 1969ல் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் டிரிங்காஸ் உணவகத்துக்குப் போனார்.

உணவகத்தில் ஏன் ஜாஸ்? எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை முதலில் வாசிப்பார்கள். பிறகு அதே கார்டு வரிசை சுற்றிச் சுற்றி வர, அதன்மேல் ஒவ்வொருவராக மனோதர்மமாக வாசிப்பார்கள். நம்ம கல்பனாஸ்வரம் மாதிரின்னு வச்சுக்குங்க (ராகத்துக்குப் பதில் கார்டு). இது வீட்டில் தனியாக உட்கார்ந்து சாதகம் பண்ணி மட்டும் வராது. தினமும் கூட்டாக வாசிக்க ஒரு மேடை வேண்டும், மாசச் சம்பளமும் வேண்டும்.

இரண்டையும் பார்க் ஸ்ட்ரீட் கொடுத்தது. புளூ ஃபாக்ஸில் லூயிஸ் பேங்க்ஸ் பியானோ, பிராஸ் கொன்சால்வ்ஸ் சாக்ஸபோன், பாம் கிரெய்ன் பாட்டு. மேஜைக்காரர்கள் தட்டைப் பார்த்தார்களோ மேடையைப் பார்த்தார்களோ, பேண்டுக்கான கூலி சாப்பாட்டு பில்லிலேயே வந்துவிடும்.

அந்த பில்லில்தான் கை வைத்தார்கள். நேரடி இசை வைத்த உணவகங்கள்மீது மாநில அரசின் கேளிக்கை வரி விழுந்தது. முதலாளி சமையல்காரரையா நிறுத்துவார்? பேண்டைத்தான் நிறுத்தினார். வரி மட்டுமே காரணமில்லை, நகரமும் நொடித்துக்கொண்டிருந்தது. பேங்க்ஸ் பம்பாய்க்குப் போய் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் வாசித்தார்.

கோடையில் நாலு சாயங்காலம் ஜாஸ் என்று எந்த ஓட்டலாவது அறிவித்தால் நான் முதலில் கேட்பது, அஞ்சாவது சாயங்காலம் அந்த டிரம்மருக்கு எங்கே வேலை என்பதுதான்.