இரண்டு கதவுகளும் ஒரு சிற்றலையும்

வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கும் அக்காவுக்கும் மனச்சோர்வு வந்து சிகிச்சை எடுத்திருக்கிறார்கள். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ‘பிரெயின் மேப்பிங் செய்தால் இவளுக்கும் வருமா என்று இப்போதே தெரிந்துவிடுமாமே, அழைத்துப் போகலாமா?’ என்று கேட்டு, ஒரு விளம்பரத் தாளையும் மடித்து உறைக்குள் வைத்திருக்கிறார்.

விளம்பரம் சொல்லும் பிரெயின் மேப்பிங்குக்கு அடிப்படை ஈ.ஈ.ஜி. அது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. வலிப்புக்காகவோ தலைச்சுற்றலுக்காகவோ உறவில் யாராவது தலை நிறைய ஒயர் ஒட்டிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். மனித மூளையின் மின்னலைகளை 1924-ல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஐந்து ஆண்டுகள் தயங்கி 1929-ல்தான் அதை வெளியிட்டார். அவரும் மனச்சோர்வுக்கு ஆளாகி 1941-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த அலைகளில் மனச்சோர்வின் தடயத்தைத் தேடுவது நெடுநாள் முயற்சி. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேவிட்சன் நெற்றியின் இடப்புறமும் வலப்புறமும் எழும் ஆல்ஃபா அலைகளை ஒப்பிட்டார். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இடப்பக்கம் மந்தமாக இருப்பதாகச் சொன்னார். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, நோயைக் கண்டறிய அது போதாது என்று தெரிந்தது.

என்னை மயக்கியது வேறொரு சோதனை. கணினித் திரையில் இரண்டு கதவுகள் தெரியும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பச்சை அம்பு மேல்நோக்கி வந்தால் 50 சென்ட் லாபம். சிவப்பு அம்பு கீழ்நோக்கி வந்தால் 25 சென்ட் நட்டம். நட்டம் ஏன் பாதி? இழப்பின் வலி லாபத்தின் மகிழ்ச்சியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால், இரண்டையும் மனத்தராசில் சமமாக வைக்கத்தான். இதில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. எந்தக் கதவைத் தொட்டாலும் ஒன்றுதான்! பாதித் தடவை வெற்றி, பாதித் தடவை தோல்வி என்று கணினி முன்னதாகவே முடிவு செய்துவிடுகிறது.

பச்சை அம்பு தெரிந்த கால் நொடியிலிருந்து மூன்றில் ஒரு நொடிக்குள், நெற்றிக்கும் உச்சிக்கும் இடையே ஒரு சிற்றலை எழும்புகிறது. ‘கிடைத்துவிட்டது’ என்று மூளை சொல்லும் இடம் அதுதான். அளவோ சில மைக்ரோவோல்ட். மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து அதைப் பிடிப்பது எப்படி என்று யோசித்தபோது திருவல்லிக்கேணி நினைவுக்கு வந்தது. சேப்பாக்கம் மைதானத்துக்கு எட்டும் தூரத்தில் எங்கள் மொட்டைமாடி. டெஸ்ட் மேட்ச் நாட்களில் உள்ளே யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு சொல்லும் கேட்காது. ஆனால் விக்கெட் விழுந்தால் தெரியும். விழுந்தது யாருடையது என்பதுகூட அந்த இரைச்சலின் கனத்திலேயே தெரிந்துவிடும். மின்முனைகளும் அப்படித்தான் வெளியே நின்று ஒட்டுக்கேட்கின்றன. பல பத்து தடவை கதவைத் திறக்கவைத்து, அம்பு தோன்றிய கணத்தை ஒரே கோட்டில் நிறுத்திச் சராசரி எடுக்கிறார்கள். தொடர்பில்லாத இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, சிற்றலை மட்டும் மிஞ்சுகிறது.

நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கிரெக் ஹாய்சாக் குழுவினர், அதுவரை மனச்சோர்வே வந்திராத 444 பதின்வயதுப் பெண்களை இந்த விளையாட்டை ஆடவைத்தார்கள். பின் 18 மாதங்கள் கழித்து விசாரித்தார்கள். அந்த இடைவெளியில் மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடம், தொடக்கத்திலேயே அந்தச் சிற்றலை சராசரியாகச் சிறுத்திருந்தது. 2016-ல் வெளிவந்த முடிவு இது. துக்கம் வருவதற்கு முன்பே, வெற்றி ருசிக்காமல் போயிருக்கிறது. நம் வீடுகளில் அழுகையைத்தான் நோயாகக் கவனிக்கிறோம். பிடித்த பண்டத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துபோகும் பெண்ணை ‘கொழுப்பு’ என்கிறோம்.

2024-ல் ‘நேச்சர்’ இதழில் இன்னொன்று வந்தது. எது இப்போது முக்கியம் என்று தரம் பிரிக்கும் ஒரு வலைப்பின்னல் மூளையில் உண்டு. ஒருசிலரையே திரும்பத் திரும்ப எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், மனச்சோர்வு உள்ள பெரும்பாலோருக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு இடத்தைப் பிடித்திருந்தது. நோய் தணிந்தபோதும் சுருங்கவில்லை. பின்னாளில் மனச்சோர்வுக்கு ஆளான சில குழந்தைகளிடம், நோய் வருவதற்கு முன்பே அப்படி இருந்தது.

அப்படியானால் எடுத்துப் பார்த்துவிடலாமே? இங்கேதான் சங்கடம். மேலே சொன்னவை கூட்டத்தின் சராசரிகள். ஒரு தனி ஆளை உட்காரவைத்து ‘உனக்கு வரும், உனக்கு வராது’ என்று அவற்றால் பிரிக்க முடியவில்லை. ஜெர்மனியில் 1,800-க்கு மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை அலசி 2022-ல் வெளியான ஆய்வில், ஒரு மூளை அளவை மட்டும் வைத்து, ஏற்கெனவே நோயுள்ளவரை அடையாளம் காண்பதில்கூடத் துல்லியம் நூற்றுக்கு 56-ஐத் தாண்டவில்லை. காசு சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். ஆகவே அந்தத் தாய்க்கு என் பதில், வேண்டாம்.

விளம்பரத் தாளில் சிவப்பும் நீலமுமாக மூளைப் படம் அழகாகத்தான் இருக்கிறது. வண்ணப் படத்துக்கு முன் நம் ஆட்கள் வாயடைத்துப்போவது புதிதல்ல. ‘பிரெயின் மேப்பிங்’ என்று பெயர் சூட்டிக் குற்றவாளிகளைக் கண்டுபிடிக்கவும் இந்த நாட்டில் ஈ.ஈ.ஜி.யைப் பயன்படுத்தினார்கள். சம்மதமில்லாமல் அப்படிச் செய்வது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் பாதி வெந்த சோதனையை நீட்டி ‘உனக்கு ஆபத்து’ என்று சொல்வதற்கு மட்டும் கேள்வி முறை இல்லை. அந்தச் சொல்லை அவள் எத்தனை வருடம் சுமப்பாள்?

அம்மா வழியில் நோய் இருப்பது, எந்த மின்முனையும் தேவைப்படாத, எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கை. மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டறிய பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் ஒன்று இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடியும், காசு கேட்காது. ‘எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் இருக்கிறதா’ என்பதுதான் அதன் முதல் கேள்வி. கதவு விளையாட்டு சுற்றி வளைத்துக் கேட்பதும் ஏறக்குறைய அதையேதான். பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறாமல் இருப்பதாகச் சொன்னது. நோய் வந்து உட்கார்ந்திருப்பவர்களையே இன்னும் கேட்காமல் இருக்கிறோம். மகளின் தூக்கம், பசி, தோழிகள், வழக்கமாகச் சிரிக்கும் விஷயங்கள் ஆகியவற்றில் இரண்டு வாரத்துக்கு மேல் மாற்றம் தெரிந்தால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலிமானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.