ஒடுக்கு சிறிது, கணக்கு பெரிது

வாகனக் கடன் பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் எங்கள் கிளைக்கு வந்திருந்தார். காரின் காப்பீட்டைப் புதுப்பிக்கக் கோரும் அறிவிப்பு அவர் கையில் இருந்தது. வண்டிக்கு ஒரு வயது கூடிவிட்டது. அதன் மதிப்பும் குறைந்துவிட்டது. அப்படியிருக்கப் பிரீமியம் மட்டும் ஏன் உயர்ந்திருக்கிறது என்பது அவருடைய கேள்வி. காப்பீட்டு நிறுவனம் தவறு செய்துவிட்டது என்றே அவர் எண்ணியிருந்தார்.

விடை அந்த அறிவிப்பிலேயே ஒரு வரியில் இருந்தது. 'நோ கிளைம் போனஸ்: 0 விழுக்காடு.' சென்ற ஆண்டு வணிக வளாகமொன்றின் வாகன நிறுத்தத்தில் யாரோ பின்னோக்கி வந்து இடித்ததில் அவருடைய காரின் பின்பக்க பம்பர் உடைந்து, அதையொட்டிய தகட்டில் ஒடுக்கு விழுந்தது. இடித்தவர் நிற்கவில்லை. நம்மவர் காப்பீட்டில் கிளைம் செய்து வண்டியைச் சரிசெய்துகொண்டார். உரிமையுள்ள தொகையைத்தான் அவர் பெற்றார். எனினும் அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதை அன்று எங்கள் மேசையில் அமர்ந்து கணக்கிட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தக் கணக்கு கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

வரவும் இழப்பும்

பட்டறையின் மொத்தச் செலவுச் சீட்டு, வரி நீங்கலாக, 11,500 ரூபாய். புதிய பம்பர் 4,000, வண்ணப்பூச்சு 6,000, ஒடுக்கு எடுத்த கூலி 1,500. இந்த முழுத்தொகையையும் காப்பீட்டு நிறுவனம் தருவதில்லை. வழக்கமான தனியார் கார் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். எனவே பம்பரில் 2,000 போயிற்று. வண்ணப்பூச்சுச் செலவில் 25 விழுக்காட்டைப் பொருளின் விலையாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பர், அது 750. இவற்றுக்கு மேல் ஒவ்வொரு கிளைமிலும் கட்டாயக் கழிவு உண்டு. 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு அது 1,000 ரூபாய். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாய். அவருடையது சிறிய கார். ஆக அவருக்குக் கிடைத்தது 7,750 ரூபாய்.

இனி இழப்பைப் பார்ப்போம். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தரப்படும் தள்ளுபடியே நோ கிளைம் போனஸ். முதல் ஆண்டுக்குப் பின் 20, தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 25, மூன்றுக்குப் பின் 35, நான்குக்குப் பின் 45, ஐந்துக்குப் பின் 50 விழுக்காடு என அது படிப்படியாக ஏறும். ஒரே ஒரு கிளைம் செய்தாலும், அடுத்த புதுப்பிப்பில் அது சுழியமாகி, மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்கும்.

அவருடைய சொந்தச் சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 12,000 ரூபாய் என்றும், அது மாறாமல் இருக்கிறது என்றும் கொள்வோம். இவ்வாண்டு அவருக்கு 45 விழுக்காடு, அதாவது 5,400 ரூபாய் தள்ளுபடி கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு 50 விழுக்காடு கிடைக்க வேண்டிய இடத்தில் 20தான் கிடைக்கும், இழப்பு 3,600. அதற்கடுத்த ஆண்டுகளில் இழப்பு முறையே 3,000, 1,800, 600. கூட்டினால் 14,400 ரூபாய். வண்டியின் மதிப்போடு பிரீமியமும் ஆண்டுதோறும் இறங்கும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனாலும் பெற்ற 7,750 ரூபாயைவிட அது கூடுதலாகவே இருக்கும்.

எப்போது கிளைம் செய்யலாம்?

இதனால் காப்பீட்டை நாடவே கூடாது என்பதில்லை. பெரிய சேதத்துக்குக் காப்பீடே துணை. சிறு சேதம் நேர்ந்தால், முதலில் பட்டறையில் மதிப்பீட்டுச் சீட்டு வாங்குங்கள். கழிவுகள் போகக் கையில் வரும் தொகை எவ்வளவு, இழக்கப்போகும் போனஸ் எவ்வளவு என இரண்டையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். போனஸ் ஏணியில் உயரே நிற்பவருக்கு இழப்பு மிகுதி. தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பும், போனஸைக் காக்கும் கூடுதல் காப்பும் தனிப் பிரீமியத்துக்குக் கிடைக்கின்றன. அவை உங்கள் பாலிசியில் உண்டா என்பதையும் பாருங்கள்.

கிளைம் செய்வதென முடிவு செய்தால், பழுது பார்ப்பதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்து, படங்கள் எடுத்து வையுங்கள். வெவ்வேறு நாள்களில் விழுந்த பழைய ஒடுக்குகளை ஒரே விபத்தில் நேர்ந்தவையாகக் காட்டச் சிலர் ஆலோசனை கூறுவர். அது பொய்த் தகவல். முழுக் கிளைமும் மறுக்கப்பட அதுவே காரணமாகிவிடும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவர்களுக்குச் சொந்த வண்டியின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

வருமுன் காப்போம்

நம் நகரங்களில் நிறுத்தி வைத்த காருக்குச் சேதம் விளைவிப்பவை பெரும்பாலும் பக்கத்துக் காரின் கதவு, இடுக்கில் நுழையும் இருசக்கர வண்டியின் கைப்பிடி, நம் வீட்டின் அடித்தளத் தூண் ஆகிய மூன்றுமே. இவற்றுக்கு ஏற்பக் காப்பும் அமைய வேண்டும்.

வணிக வளாகங்களில் நுழைவாயிலுக்கு அருகே இடம் தேடிச் சுற்றாமல், சற்றுத் தள்ளி வரிசையின் கடைசி இடத்தைப் பிடியுங்கள். ஒரு பக்கமாவது வேறு வண்டி வராது. பொருள் தள்ளுவண்டிகள் விடப்படும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். கோடுகளுக்கு நடுவே, சக்கரங்களை நேராக்கி நிறுத்தி, பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிடுங்கள். கதவு விளிம்பில் பொருத்தும் ரப்பர் பட்டை மலிவானது. அது பக்கத்து வண்டியை நம் கதவிலிருந்து காக்கிறது. நம் கதவைக் காக்கப் பக்கவாட்டுப் பட்டைகளும், காந்தத்தால் ஒட்டும் மெத்தைகளும் உள்ளன. காந்த மெத்தைக்கு அடியில் மணல் ஒட்டியிருந்தால் அதுவே கீறிவிடும், துடைத்தபின் ஒட்டுங்கள். வண்டியின் மேலுறைக்கும் இது பொருந்தும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தூண்களுக்கு இடுப்புயரம்வரை ரப்பர் உறை பொருத்த, சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். தென்னை மரத்தடியில் நிழலுக்காக நிறுத்துபவர்கள் மட்டையும் காயும் விழும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முன்புறம் இரும்புக் கம்பித் தடுப்பு பொருத்துவது காப்பு ஆகாது. மோதலின் விசையைத் தாங்கிச் சிதைய வேண்டிய பாகங்களின் வேலையை அது கெடுக்கிறது. காற்றுப்பை விரிவதிலும் குறுக்கிடலாம். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017இலேயே அதற்கு எதிராக மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.

எந்தப் பழுதுக்கு எந்த வழி?

கீறலை முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் மேற்பூச்சில் மட்டுமே கீறல். மெருகு போட்டால் மறையும். நகம் தட்டினால் கீறல் ஆழமானது, பூச்சு தேவைப்படும். இரும்புத் தகடு கண்ணுக்குத் தெரிந்தால் காலம் தாழ்த்தக் கூடாது. மும்பை, சென்னை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் உப்புக் காற்றும் மழைக்காலமும் சேர்ந்து துருவை விரைவில் வரவழைக்கும். அவ்விடத்தை உலர்த்தி, வண்டியின் நிறத்துக்கான சிறு பூச்சுப் புட்டியால் தற்காலிகமாகவேனும் மூடிவிடுங்கள்.

பூச்சு உடையாமல் தகடு மட்டும் உள்வாங்கியிருந்தால், பூச்சு அடிக்காமலே ஒடுக்கு எடுக்கும் முறை உண்டு. தேர்ந்த கைவினைஞர், தகட்டின் பின்புறமிருந்து நீண்ட கம்பிகளால் சிறிது சிறிதாக நெம்பி அதைப் பழைய வடிவுக்குக் கொண்டுவருவார். நிறுவனத்தின் அசல் பூச்சு அப்படியே நிலைப்பது இதன் சிறப்பு. கூர்மையாக மடிந்த தகட்டுக்கும், பிளாஸ்டிக் பம்பருக்கும் இம்முறை பொருந்தாது. பம்பர் உடையாமல் உள்வாங்கியிருந்தால், அளவாகச் சூடேற்றிப் பின்புறமிருந்து தள்ளிச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு.

மற்றவற்றுக்கு டிங்கரிங், பட்டி, பூச்சு என்னும் வழக்கமான வழியே. பட்டறையில் மூன்றைக் கேளுங்கள். முதலாவது, தகட்டை முடிந்தவரை நிமிர்த்தியபின் மெல்லிய பட்டிதானே பூசுவீர்கள்? குழியைப் பட்டியாலேயே நிரப்பினால் நாளடைவில் அது வெடிக்கும். இரும்புத் தகட்டில் ஒரு சிறு காந்தம் ஒட்டாமல் நழுவினால் அங்கே பட்டி தடிமனாக இருக்கிறது என்று பொருள். இரண்டாவது, வண்டியின் நிறக் குறியீட்டைப் பார்த்துத்தானே நிறம் கலக்கிறீர்கள்? மூன்றாவது, பம்பரில் உள்ள உணரிகளை மீண்டும் பொருத்திச் சோதித்துத் தருவீர்களா? வண்டியை மாலை மங்கலில் வாங்காமல், பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

கடன் நிலுவையில் இருந்தால்

கடன் தீரும்வரை வண்டி வங்கிக்கு ஈடாக இருப்பதால், பாலிசியில் வங்கியின் பெயர் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சிறு பழுதுகளுக்கு இதனால் தடையில்லை. வண்டி முழுதும் அழிந்தாலோ திருடு போனாலோ இழப்பீடு முதலில் கடனுக்குச் செல்லும். பாலிசி காலாவதியாகி 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், சேர்த்து வைத்த போனஸ் முழுதும் போய்விடும். போனஸ் வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. ஆகவே பழைய காரை விற்றுப் புதியது வாங்கும்போது அதற்கான சான்றைக் கேட்டுப் பெற்று, புதிய பாலிசியில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கடன் முடிந்ததும், வங்கி தரும் தடையின்மைச் சான்றையும் படிவம் 35ஐயும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தந்து, பதிவுச் சான்றிலுள்ள ஈட்டுக் குறிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வாடிக்கையாளர் கணக்கைப் பார்த்து முடித்ததும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இடித்தவர் ஒரு சீட்டில் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் இவ்வளவும் இல்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை. நம் கைத்தவறால் பிறர் வண்டியில் ஒடுக்கு விழும் நாளும் வரலாம். அன்று அந்தச் சீட்டை எழுதி வைக்க, கண்ணாடிப் பெட்டியில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும்.