பேரேட்டில் ஆடும் ஆட்டம்

அமெரிக்காவில் ‘ஃபுட்பால்’ என்றால் நாம் அறிந்த கால்பந்து அல்ல; தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்ட பதினொரு பேர், முட்டை வடிவமான பந்தொன்றைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரே மதில்போல் நிற்கும் பதினொரு பேரைப் பிளந்துகொண்டு முன்னேறும் ஆட்டம் அது. அதைத் தொழிலாக நடத்தும் என்.எஃப்.எல். என்னும் சம்மேளனத்தில் 32 அணிகள் இருக்கின்றன. செப்டம்பரில் தொடங்கும் பருவம் பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியோடு முடிந்து, மைதானங்களெல்லாம் வெறிச்சோடிப் போன பிறகு, மார்ச் மாதத்தின் நடுவில் ஒரு புதன்கிழமை மாலை 4 மணிக்கு, பந்தும் இல்லாமல் கூச்சலும் இல்லாமல் வேறோர் ஆட்டம் ஆரம்பமாகிறது. சம்மேளனத்தின் புதுக்கணக்கு தொடங்கும் முகூர்த்தம் அது. அந்த நிமிஷத்தில் எந்த அணியின் சம்பளக் கணக்கும் நிர்ணயித்த உச்சவரம்பை ஒரு டாலர்கூடத் தாண்டி நிற்கக் கூடாது என்பது விதியாதலால், அதற்கு முந்தைய சில தினங்களில், பத்து வருஷமாக ஊரே கொண்டாடிய வீரர் ஒரு தொலைபேசி அழைப்பில் வேலையிழப்பதும், யாரும் எதிர்பாராத பெயர்கள் ஊர் மாறுவதும் நடக்கின்றன. “நன்றாகத்தானே ஆடினான், அவனை ஏன் விட்டார்கள்?” என்று ரசிகர்கள் கேட்கும் கேள்விக்குப் பதிலை மைதானத்தில் தேடிப் பிரயோஜனமில்லை, பேரேட்டைப் புரட்ட வேண்டும்.

இந்த வரம்பு எப்படி வந்தது என்பதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. வெகு காலம் வரை, ஒப்பந்தம் முடிந்த வீரன்கூடத் தன் இஷ்டப்படி வேறு அணிக்குப் போய்விட முடியாது; பழைய அணிக்கு அவன்மேல் ஏதோ ஒரு பாத்தியதை இருந்துகொண்டே இருந்தது. வீரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்; 1992-ல் ஒரு ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; ரெஜி வைட் என்னும் மாபெரும் தற்காப்பு வீரரை முதல் வாதியாகக் கொண்டு நடந்த இன்னொரு வழக்கு சமரசத்தில் முடிந்தது. வீரர்களுக்கு விடுதலை கொடுத்த முதலாளிகள், அதற்கு ஈடாகச் செலவுக்கு ஒரு கூரை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். விடுதலை 1993-ல் வந்தது, கூரை 1994-ல் வந்தது. விடுதலை பெற்ற ரெஜி வைட் பெருநகரம் ஒன்றைத்தான் நாடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவர் நாலு வருஷத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் பேசிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் கிரீன் பே. சுமார் ஒரு லட்சம் ஜனத்தொகை உள்ள, ஊராரே பங்குதாரர்களாக இருந்து அணியை நடத்துகிற, குளிர் கொட்டும் சிற்றூர். அப்படிப்பட்ட ஊரும் நியூயார்க்கும் ஒரே களத்தில் சரிக்குச் சரியாக நிற்க முடிகிறதென்றால், அதற்குத் தொலைக்காட்சி வருமானத்தை 32 அணிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது ஒரு காரணம். எவ்வளவு பெரிய பணக்காரனும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற கட்டு மற்றொரு காரணம்.

முதல் வருஷத்தில் அணி ஒன்றுக்கு 3 கோடியே 46 லட்சம் டாலராக இருந்த வரம்பு, 2025-ல் 27 கோடியே 92 லட்சமாக வளர்ந்துவிட்டது. வருமானத்தில் ஏறக்குறைய 48 சதவீதம் வீரர்களுக்குப் போக வேண்டும் என்பது இப்போதைய ஒப்பந்தம். ஆகவே வருமானம் பெருகப் பெருகக் கூரையும் உயர்கிறது. கொரோனாவினால் மைதானங்கள் காலியாகக் கிடந்ததன் பலனாக, 2020-ல் 19 கோடியே 82 லட்சமாக இருந்தது 2021-ல் 18 கோடியே 25 லட்சமாக இறங்கிற்று. அந்த வசந்தத்தில் வேலையிழந்த அனுபவஸ்தர்கள் பலருக்குத் தங்கள் ஆட்டத்தில் என்ன குறை என்று விளங்கவே இல்லை. குறை ஆட்டத்தில் இருக்கவில்லை.

நம் ஊர் வாசகருக்கு ஐ.பி.எல். ஏலத்தில் அணிகளுக்கு விதிக்கப்படும் பண வரம்பு ஞாபகத்துக்கு வரலாம். உவமை பாதி தூரம்தான் வரும். ஏலத்தில் கொடுக்கும் விலை அந்தந்தப் பருவத்தின் கணக்கில் அப்படியே ஏறிவிடும். அமெரிக்க விளையாட்டிலோ, ஒரு வீரனுக்கு இன்று கொடுத்த பணத்தை வருங்காலத்து வருஷங்களின் தலையிலும் எழுதிவைக்க வழி இருக்கிறது. அந்த வழியில்தான் சாமர்த்தியம் அத்தனையும், ஆபத்து அத்தனையும் அடங்கியிருக்கின்றன.

அந்த வித்தையைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு வீரனுக்கு இந்த வருஷச் சம்பளம் 2 கோடியே 10 லட்சம் டாலர் என்றும், அவன் ஒப்பந்தம் இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அணியார் அவனைக் கூப்பிட்டு, “சம்பளம் 10 லட்சமாக இருக்கட்டும்; மீதி 2 கோடியை போனஸாக இப்போதே கையில் தந்துவிடுகிறோம்” என்கிறார்கள். பணம் முன்கூட்டியே வருவதால் வீரனுக்கு ஆட்சேபம் இல்லை. போனஸை ஐந்து வருஷம் வரை சமமாகப் பிரித்து எழுதலாம் என்பது விதி. ஆகவே வருஷத்துக்கு 40 லட்சம். இந்த வருஷக் கணக்கில் அவன் பேருக்கு ஏறுவது 10-ம் 40-ம் சேர்ந்து 50 லட்சம் மட்டுமே. காலையில் 2 கோடியே 10 லட்சமாக இருந்த பற்று, மத்தியானம் 50 லட்சமாகிவிட்டது. வரம்புக்குள் 1 கோடியே 60 லட்சம் டாலர் இடம் பிறந்துவிட்டது. அந்த இடத்தில் இன்னும் இரண்டு நல்ல வீரர்களைக் குடிவைக்கலாம்.

ஆனால் அந்த 1 கோடியே 60 லட்சம் எங்கும் மறைந்துவிடவில்லை. வரும் நாலு வருஷங்களில் தலைக்கு 40 லட்சமாக உட்கார்ந்து காத்திருக்கிறது. அடுத்த வருஷமே அவன் கால் ஒடிந்தோ மனம் ஒடிந்தோ வெளியேற நேர்ந்தால், மிச்சமிருக்கும் அவ்வளவும் ஒரே மொத்தமாகக் கணக்கில் வந்து விழும். ஆள் இல்லை, ஆட்டம் இல்லை, அவன் பேரில் பற்று மட்டும் இருக்கும். இதற்கு அந்தத் தொழிலில் ‘டெட் மணி’, அதாவது செத்த பணம் என்று பெயர். ஒப்பந்தத்தில் ஐந்து வருஷம் மிச்சமில்லையே என்றால் அதற்கும் உபாயம் உண்டு: யாரும் ஆடப்போவதில்லை என்று எழுதும்போதே இரு தரப்பாருக்கும் தெரிந்த வெற்று வருஷங்களை, போனஸை நீட்டிப் பிரிப்பதற்காக மட்டுமே, ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். ஐந்தொகை எழுதிப் பழகிய நம் பழைய கணக்குப்பிள்ளைகள் இதைக் கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பார்கள்.

இந்த வித்தையின் வலிமையை எல்லோருக்கும் முதலில் காட்டியவர்களில் டாலஸ் அணியின் சொந்தக்காரர் ஜெர்ரி ஜோன்ஸ் ஒருவர். 1995-ல் டியான் சாண்டர்ஸ் என்ற வீரரை ஏழு வருஷத்துக்கு 3 கோடியே 50 லட்சம் டாலருக்கு எடுத்தபோது, ஆரம்ப வருஷங்களின் சம்பளத்தைக் கீழ்மட்டத்தில் வைத்துவிட்டு, பெரும் பணத்தை போனஸாகக் கொட்டினார். அந்த போனஸ் 1 கோடியே 30 லட்சத்துக்கு ஒரு சென்ட் குறைவு; 13 என்ற எண்ணில் ஜோன்ஸுக்கு இருந்த அச்சமே காரணம் என்று சொல்வார்கள். எண்ணுக்கு அஞ்சிய அந்த மனிதர் எதிர்காலத்துக்கு அஞ்சவில்லை. அந்தப் பருவத்தில் டாலஸ் வாகை சூடியது; சம்மேளனமோ அவசர அவசரமாக விதியைத் திருத்தி அந்த ஓட்டையின் ஒரு பகுதியை அடைத்தது.

எல்லா ஓட்டையும் அடைபடவில்லை. நியூ ஆர்லியன்ஸ் அணி வருஷந்தோறும் கடனைத் தள்ளித் தள்ளி வாழ்ந்து, கொரோனா வருஷத்துக் கூரை இறங்கிய வேளையில் சுமார் 10 கோடி டாலர் அதிகப்பற்றோடு நின்றது. ஓய்வுபெறப் போகிற அந்த அணி வீரர் ட்ரூ பிரீஸ், இனி ஆடாத பருவத்துக்குத் தமக்கு எழுதியிருந்த 2 கோடியே 50 லட்சம் டாலர் சம்பளத்தை 10 லட்சத்துச் சொச்சமாகக் குறைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போகிற மனிதன் வீட்டுச் சாவியை ஒப்படைத்ததுபோல் இருந்தது அது. அப்படியும் அந்த அணி 2021 முதல் 2024 வரை நாலு பருவங்களில் ஒரு தடவைகூட ‘பிளே-ஆஃப்’ என்னும் பிந்தைய சுற்றுக்குள் நுழையவில்லை. வரம்பு என்பதெல்லாம் கட்டுக்கதை, எப்படியும் சமாளிக்கலாம் என்று வாதிக்கும் ரசிகர்கள் உண்டு. ஒரு வருஷத்துக்கு அது மெய்தான். ஐந்து வருஷத்துக்கு அல்ல என்பது என் அபிப்பிராயம்.

இதில் நசுங்குகிறவன் பெரும்பாலும் பெரிய நட்சத்திரமும் அல்ல, புதிதாக வந்த பிள்ளையும் அல்ல. முப்பதைத் தொட்ட, நம்பகமான, நடுத்தரமான ஆட்டக்காரனே மார்ச் மாதத்தில் பலியாகிறான். அவன் சம்பளத்தில் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் இல்லை. பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்த ஒப்பந்தத் தொகைக்கும் அவன் கையில் சேரும் தொகைக்கும் வெகு தூரம். அவனை விட்டுவிட்டால் இடம் பிறக்கிறது; அந்த இடத்தில் ‘டிராஃப்ட்’ என்னும் புதுமுகத் தேர்வில் வந்த இருபத்திரண்டு வயதுப் பையனைக் கால் விலைக்கு நிறுத்திவிடலாம்.

அந்தப் பையன்களின் விலை மலிந்த கதைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. 2010-ல் முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஒரு பந்துகூட எறியுமுன் 5 கோடி டாலருக்கு உத்தரவாதம் கிடைத்தது. 2011-ல் புதுமுகங்களுக்குத் தனிச் சம்பள அளவு விதித்தார்கள். அந்த வருஷம் முதல் ஆளாக வந்த கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கும் சேர்த்து 2 கோடியே 20 லட்சந்தான். மூன்று பருவம் ஆடி முடிக்காமல் டிராஃப்டில் வந்த எந்தப் புதுமுகத்தின் ஒப்பந்தத்தையும் திருத்தக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். பந்தை எறிந்து ஆட்டம் முழுவதையும் நடத்துகிற குவார்ட்டர்பேக்குக்குத்தான் சந்தையில் உச்ச விலை. அந்த இடத்துக்கு நல்ல புதுமுகம் ஒருவன் அகப்பட்டுவிட்டால், அணிக்குச் சில வருஷம் புதையல் எடுத்த மாதிரி.

சியாட்டில் அணிக்கு அந்தப் புதையல் 2012-ல் கிடைத்தது. உயரம் போதாது என்று பலர் ஒதுக்கிய ரஸ்ஸல் வில்சனை மூன்றாவது சுற்றில், 75-வது ஆளாக எடுத்தார்கள். 2013-ல் வரம்பு 12 கோடியே 30 லட்சம். அதில் வில்சனுக்காக எழுதிய பற்று 6 லட்சத்து 81 ஆயிரம் டாலர், நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சத்தில் மைக்கேல் பென்னெட், கிளிஃப் ஏவ்ரில் என்று தற்காப்புக்கு ஆள் மேல் ஆள் சேர்த்துக்கொண்டு, 2014 பிப்ரவரியில் டென்வர் அணியை 43-க்கு 8 என்று துவைத்தெடுத்துக் கோப்பையை வென்றார்கள். மூன்று பருவம் முடிந்தது. 2015-ல் வில்சனுக்கு நாலு வருஷத்துக்கு 8 கோடியே 76 லட்சம் கொடுக்க வேண்டிவந்தது. கொடுத்தது தவறில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் புகழ்பெற்ற தற்காப்பு அணி இழை இழையாகப் பிரிந்தது: பென்னெட், ரிச்சர்ட் ஷெர்மன், எர்ல் தாமஸ் ஒவ்வொருவராகப் போனார்கள். காயமும் வயதும் இதில் சேர்ந்துகொண்டனவென்றாலும், கணக்கின் கையும் அதில் இருந்தது.

2022 மார்ச்சில், முன்பு தோற்ற அதே டென்வர், டிராஃப்டில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளும் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகளும் ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வு உரிமையும் மூன்று வீரர்களும் கொடுத்து வில்சனை வாங்கிற்று. தங்கள் அணிக்கு அவர் ஒரு தடவைகூட ஆடுமுன்னர், மேலும் ஐந்து வருஷத்துக்கு 24 கோடி டாலருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். முதல் பருவத்தில் ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி. இரண்டாவது பருவத்தில் ஆட்டம் ஓரளவு தேறிற்று. ஆயினும் இரண்டு ஆட்டங்கள் மீதியிருக்கையில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். காயம் பட்டு 2024 மார்ச்சில் உடற்பரிசோதனையில் தேறாமல் போனால், 2025-ம் வருஷத்துக்கான 3 கோடியே 70 லட்சம் டாலருக்கும் உத்தரவாதம் வந்துவிடும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்ததை மறந்துவிட்டு அந்த முடிவைப் பார்க்க முடியாது.

2024 மார்ச்சில் அவரை விடுவித்தபோது டென்வரின் தலையில் விழுந்த செத்த பணம் 8½ கோடி டாலர். அதுவரை எந்த அணியும் சுமக்காத பாரம். ஜூன் 1-க்குப் பிறகு விடுவித்ததாகப் பாவித்துச் சுமையை இரண்டாகப் பிரிக்கலாம் என்ற சலுகையைக்கொண்டு, 2024-ல் 5 கோடியே 30 லட்சமும் மீதியை 2025-லுமாகப் பங்கிட்டார்கள். வில்சன் நேரே பிட்ஸ்பர்க் போய், அவர் அனுபவத்துக்கு விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த சம்பளமான 12 லட்சத்து 10 ஆயிரத்துக்குக் கையெழுத்திட்டார். அந்த வருஷத்துக்கு டென்வர் அவருக்கு உத்தரவாதமாகக் கொடுக்க வேண்டியது 3 கோடியே 90 லட்சம். அதில் இந்தப் பன்னிரண்டு லட்சந்தான் கழியும். ஆக, எதிரணிக்காக ஆடுகிற மனிதருக்குப் படியளந்தவர்கள் டென்வர்க்காரர்கள்.

வேறு வழியில் நடந்தவர்களும் உண்டு. தன் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்கு 2020-ல் பத்து வருஷத்துக்கு 45 கோடி டாலர் எழுதிக் கொடுத்த கான்ஸஸ் சிட்டி, 2022 மார்ச்சில் தன் மின்னல் வீரர் டைரீக் ஹில் கேட்ட விலையைக் கொடுக்காமல், ஐந்து தேர்வுகளுக்கு அவரை மயாமிக்குக் கைமாற்றிவிட்டது. ஊர் முழுக்கத் திட்டித் தீர்த்தது. மயாமி ஹில்லுக்கு 12 கோடி எழுதிக் கொடுத்தது. கான்ஸஸ் சிட்டியோ, வந்த தேர்வுகளில் விலை மலிந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த இரண்டு சூப்பர் பவுல்களையும் வென்றது.

டென்வர்க்காரர்கள், செத்த பணத்தின் பாரம் முதுகை அழுத்திக்கொண்டிருந்த அதே 2024-ல், போ நிக்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை முதல் சுற்றில் 12-வது ஆளாக எடுத்தார்கள். நாலு வருஷத்துக்குமாக அவர் விலை சுமார் 1 கோடியே 86 லட்சம் டாலர். பத்து வெற்றி, ஏழு தோல்வியோடு, 2015-ம் பருவத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பிந்தைய சுற்றுக்குள் நுழைந்தார்கள். நிக்ஸ் தம் ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்லி மேஜை முன் உட்காரும் உரிமை, மூன்று பருவம் முடிந்த பிறகு, 2027-ம் வருஷத் தொடக்கத்தில் வருகிறது.