மலைச்சரிவும் கணுக்காலும்

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவமழை விடாது கொட்டும் மாதங்களில், நிரைகளுக்கு நடுவே மண் வழுக்கி, கான்களின் ஓரம் இடிந்து, செடிகளின் மறைவில் கல் எது குழி எது என்று புலப்படாதிருக்க, தலையில் கயிறு பூட்டி முதுகில் தொங்கவிட்ட கூடைப் பாரத்தோடு கொழுந்து மடுவத்தை நோக்கி இறங்கும் பெண்களுக்கு நேரும் உபாதைகளுள், மிக அற்பமாக எண்ணப்படுவது கால் பிசகுதலே. எண்ணெய் தேய்த்து, துணியைச் சுற்றிக்கொண்டு, மறுநாட் காலையில் மீண்டும் மலைக்குப் போய்விடுகிறார்கள். இதை அறியாமை என்று சொல்வது நியாயமன்று. நிர்ணயித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளந்தான், விழும் என்ற அச்சமே அவர்களை நடக்கச் செய்கிறது. ஆயினும், செவ்வனே ஆறாத முதற் சுளுக்கே பிற்காலத்து மூட்டு வியாதிக்கு வித்தாகிவிடுவதால், இதனை முறையாகச் சோதித்துச் சிகிச்சை செய்யவேண்டிய காயமாகவே கொள்ளவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இறக்கத்தில் கால் பிசகுவதற்கு மூட்டின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. கீழ்க்காலின் இரண்டு எலும்பு நுனிகளும் இருபுறமும் கவ்விநிற்கும் இடைவெளியில் தாலஸ் என்னும் எலும்பு பொருந்தியிருக்கிறது. அது முன்பாகம் அகன்றும் பின்பாகம் குறுகியும் இருப்பதால், பாதம் மேல்நோக்கி மடங்கும் ஏற்றத்தில் அகன்ற பாகம் இறுகி மூட்டு உறுதியாக நிற்கிறது. விரல்கள் கீழ்நோக்கிச் சாயும் இறக்கத்திலோ குறுகிய பாகம் உள்ளே வர, மூட்டு தளர்ந்துவிடுகிறது. அந்தக் க்ஷணத்தில் பாதம் உட்புறமாக மடிந்தால், எலும்பை எலும்போடு பிணைக்கும் வெளிப்புறத்து இணைநார்களே முழுப் பாரத்தையும் தாங்க நேர்கிறது. மூன்றாக உள்ள அந்நார்களுள் முன்புறத்து நார் மிகப் பலவீனமானது. பெரும்பாலும் முதலில் அறுவதும் அதுவே.

எலும்பு முறிந்ததா, நார் மட்டும் கிழிந்ததா என்பதை வீக்கத்தைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. இதற்கென்று கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1992இல் வகுத்த விதிகள் இன்று உலகமெங்கும் அனுசரிக்கப்படுகின்றன. கணுக்காலின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் புடைத்திருக்கும் எலும்புகளின் நுனியிலோ, அவற்றின் பின்விளிம்பில் 6 சென்டிமீற்றர் உயரம் வரையிலோ விரலால் அழுத்தும்போது நோவு கண்டாலும், பிசகிய உடனேயும் பின்னர் வைத்தியரிடத்திலும் நாலு எட்டு நடக்க முடியாமற் போனாலும், எக்ஸ்ரே அவசியம். பாதத்தின் வெளியோரத்து நடுவில் சுண்டுவிரலுக்கு நேராக உள்ள எலும்பு மேட்டிலும், உட்புறத்து வளைவின் உச்சியிலும் அழுத்திப் பார்க்கவேண்டும். இவற்றுள் ஒன்றும் இல்லையேல் முறிவு இருப்பது மிக அபூர்வம். சிறு குழந்தைகளுக்கும், நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இவ்விதிகளை நம்பியிருக்கலாகாது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு விரலின் உதவியால் செய்யக்கூடிய இந்தச் சோதனை, லயத்திலிருந்து தார் ரோட்டை அடைவதே பிரயாசையான மலைநாட்டில் எத்துணை உபகாரம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எக்ஸ்ரே வேண்டியவரைத் தாமதியாது டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா வைத்தியசாலைக்கோ அனுப்பவேண்டும். டிக்கோயாவில் இந்திய அரசின் உதவியோடு எழுந்த 150 படுக்கைகள் கொண்ட கட்டிடம் 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஓய்வும் குளிர்ச்சியும் கட்டும் உயர்த்திவைத்தலுமே சிகிச்சை. பனிக்கட்டிக்கு எங்கும் அலையவேண்டாம். பீலித் தண்ணீரில் நனைத்த துணியே போதும். எண்ணெயிட்டு அழுத்தி உருவுவதும் சூட்டு ஒத்தடமும் உள்ளே இரத்தக் கசிவை அதிகரிக்கும். முறிவு வைத்தியர்களின் பரம்பரை அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முறிவில்லை என்று நிச்சயமாகும் முன் எந்தக் கையும் அந்தக் காலை இழுக்கலாகாது.

வீக்கம் தணிந்தபின் செய்யவேண்டியதையே பலரும் செய்யாமல் விடுகிறார்கள். காலை வாரக்கணக்கில் அசையாது வைத்திருப்பதைவிட, தாங்குகட்டு அணிந்து மெல்ல மெல்ல நடப்பதும், இஸ்தோப்பின் சுவரைத் தொட்டுக்கொண்டு காயப்பட்ட ஒற்றைக்காலில் நிற்கப் பழகுவதும் மூட்டின் ஸ்திரத்தன்மையை மீட்டுத் தருகின்றன. மறுபடி பிசகுவதையும் இப்பயிற்சி குறைக்கிறது. இலேசான கிழிவு ஓரிரு வாரங்களில் ஆறும். நார் முற்றும் அறுந்தால் மூன்று மாதம் வரை செல்லும். அப்போதும் அறுவைச் சிகிச்சை வேண்டியவர் சிலரே.

முழங்கால் தேய்வு பெரும்பாலும் வயதோடும் பாரத்தோடும் வருவது. கணுக்கால் தேய்வோ பெரும்பாலும் பழைய காயத்தினால் வருவது. இளமையில் திரும்பத் திரும்பப் பிசகிய கால், வயது ஏறியபின் ஒவ்வொரு படிக்கட்டிலும் வலிக்கிறது. ஆனால் மூட்டு நோவு எல்லாவற்றையும் பழைய காயத்தின் விளைவென்று விட்டுவிடலாகாது: காயமே இன்றி ஒரு மூட்டு சிவந்து, சூடேறி, காய்ச்சலும் கண்டால், அது கிருமித் தொற்றாக இருக்கக்கூடும். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

வேலையின் நிமித்தம் நேரும் காயத்துக்கு நஷ்டஈடு கோரும் உரிமையை 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் தந்திருக்கிறது. ஆகையால், மலையில் கால் பிசகினால் அன்றே டிஸ்பென்சரிக்குச் சென்று அதைப் பதிவுசெய்யுங்கள். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும், நொந்த காலோடு ஒரு பெண்ணும் நிரைக்கு அனுப்பப்படாதபடி, ஆறும் காலம் வரை அவளுடைய பேர் முழுப்பேராகவே விழ ஏற்பாடு செய்யவேண்டும்.