பொம்மை நாய்க்கு மாசச் சந்தாவா?

ஆபீஸ் வேலையா டோக்கியோ போனப்போ, 2018 ஜனவரி 11-ல சோனி விட்ட புது ஐபோ ரோபோ நாய்க்குட்டியைக் கடையில பார்த்தேன். தலையைத் தடவினா கண்ணை மூடிக்குது. வாலை ஆட்டுது. சார்ஜ் குறைஞ்சா தானே சார்ஜரைத் தேடிப் போய் படுத்துக்குமாம். 5 நிமிஷத்துல மனசு இளகிடுச்சு.

அப்புறம்தான் விலையைப் பார்த்தேன். வரி இல்லாம 1,98,000 யென். அதோட முடியலை, 3 வருஷச் சந்தாவும் சேர்த்தே எடுக்கணும்னு இருந்துச்சு. அப்போ மொத்தமா கட்டினா 90,000 யென், மாசாமாசம்னா 2,980. 36 மாசத்துக்குக் கணக்குப் போட்டா 1,07,280! (நம்ம ஊர் ஈஎம்ஐ ஞாபகம் வருதா?) மொத்தமா கட்டுறவருக்கே இந்த நாய்க்கு மாசம் 8,000 யென் ஆச்சு. நாலாவது வருஷச் சந்தா தனி.

சரி, பிடிச்சிருந்தா வாங்கலாமே? வாங்கலாம். ஆனா 1999-ல வந்த பழைய ஐபோவோட கதையைக் கேளுங்க. 2014-ல சோனி ரிப்பேரை நிறுத்திடுச்சு. உதிரி பாகம் கிடைக்காம நின்னுபோன நாய்களுக்கு, சீபா பகுதியில ஒரு பௌத்தக் கோயில்ல இறுதிச் சடங்கே நடத்தினாங்க. நான் அந்தக் குட்டியை இன்னொரு தடவை தடவிட்டு, கார்டை எடுக்காமலே வெளியே வந்துட்டேன்.