“கிருமி விடுறாங்களாம் டாக்டர், மாத்திரை போட்டுக்கலாமா?”

புளியந்தோப்பில் மழைத்தண்ணீர் வடியும் முன்பே வாட்ஸ்அப் வதந்தி வந்து சேர்ந்துவிடுகிறது. இப்போது உயிரி பயங்கரவாதமாம். என்னிடம் கேட்க வருகிறவர்களில் பலர், மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கி விழுங்கி, வயிற்றுப்போக்கோடுதான் வருகிறார்கள். கிருமி வரவில்லை, அதற்குள் மாத்திரை வேலையைக் காட்டிவிட்டது.

யார் ஏவினார்கள்?

1984-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ரஜனீஷ் ஆசிரமத்தார் சிலர், உள்ளூர்த் தேர்தலைக் குலைக்க ஓட்டல் சாலட்டுகளில் சால்மோனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேருக்கு நோய். சமையல் ஆட்களின் கை சுத்தமில்லை என்றே முதலில் அதிகாரிகள் நினைத்தார்கள். சதி வெளிப்பட்டது அடுத்த வருடம். 1992-ல் நம் சென்னையில் ஓ139 என்ற புதுவகைக் காலரா கிளம்பியது. அதை யாரும் ஏவவில்லை. படுத்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஏவியவனைப் போலீஸ் தேடட்டும். ஒரே தெருவில் நாலு வீட்டில் ஒரே நாளில் வாந்திபேதி என்றால் அதை உடனே சொல்வது உங்கள் வேலை.

மாத்திரைப் பதுக்கல்

1994-ல் சூரத்தில் பிளேக் என்றதும் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். டெட்ராசைக்ளின் கடைகளில் கிடைக்கவில்லை. நோயே எட்டாத ஊர்க்காரர்களும் வாங்கி அடுக்கினார்கள். என்ன கிருமி என்று தெரியாமல் எந்த மாத்திரையை அய்யா முன்கூட்டியே போடுவீர்கள்? வைரஸ் என்றால் ஆன்டிபயாடிக் தொடவே தொடாது.

ஓமம், கற்பூர முடிச்சை மோந்தால் கிருமி அண்டாது என்பதும் கதை. கற்பூரத்தைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரும். பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் நிறுத்துவது இதைவிட மோசம். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஆந்த்ராக்ஸ் என்றாலும் நடுக்கம். 2001-ல் அமெரிக்காவில் கடித உறையில் பொடியாக வந்து 5 பேரைக் கொன்றது அதுதான். ஆனால் நுரையீரல் ஆந்த்ராக்ஸ் இருமலில் அடுத்தவருக்குத் தொற்றாது. நம் கால்நடைக்காரர்கள் அடைப்பான் என்பதும் இதையேதான். ஆட்டுத்தொட்டி இருக்கிற ஊர் இது. தானாகச் செத்த ஆட்டை அறுக்காதீர்கள், மலிவென்று அந்தக் கறியை வாங்காதீர்கள். தோல், கறி தொடும் கையில் வலியில்லாத கறுத்த புண் வந்தால் மஞ்சள் அப்பிக்கொண்டு உட்காராதீர்கள்.

எண்ணூர் இரவு

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஓடினார்கள். வடசென்னைக்குக் கிருமித் தாக்குதலைவிட இந்த ஆபத்துதான் பக்கத்தில் இருக்கிறது. ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகுங்கள், கண்ணைத் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவுங்கள்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். தடுப்பூசியை விடாதீர்கள். தினசரி மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கையிருப்பு வையுங்கள். ரத்தமோ மலமோ பரிசோதனைக்குக் கேட்டால் கொடுங்கள். கூட்டமாக நோய் வந்தால் மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள், 104-க்குப் பேசுங்கள். மூச்சு வாங்கினால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூன்று நாள் கைவைத்தியம் பார்த்துவிட்டு நாலாம் நாள் தூக்கிக்கொண்டு வராதீர்கள். முதல் நாளே வாருங்கள்.