மறத்தல் வேறு, மன்னித்தல் வேறு

"மன்னிப்போம், மறப்போம்" என்பது மேடைகளில் எளிதாக வழங்கும் சொல். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைத் தங்கவயல்காரனாகிய எனக்கு எங்கள் ஊரின் வரலாறே கற்பித்தது. அதனை விளக்கவே இச்சிறு கட்டுரை.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் கால்வைத்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் சுரங்கத்தில் இறங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். வெள்ளையருக்குப் பங்களாவும் கிளப்பும். தொழிலாளிக்கோ மூங்கில் தட்டி வீடு! 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டது. குற்றவாளிக்குச் செய்வதை உழைப்பாளிக்குச் செய்வதா என்று மானவுணர்ச்சி பொங்கிற்று. சங்கம் அமையாத அந்நாளிலேயே ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர்.

இதே கைரேகைக் கொடுமையை எதிர்த்தன்றோ, 1906 முதல் திரான்சுவால் இந்தியர் காந்தியடிகள் தலைமையில் போராடினர்! அங்கும் தங்கச் சுரங்கம், அங்கும் நிறவேற்றுமை. அப்போராட்டத்தின் பிற்பகுதியில் சிறைசென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914இல் உயிர்நீத்தாள்.

அத்தென்னாப்பிரிக்கா 1994இல் மக்களாட்சி பெற்றதும் என்ன செய்தது? 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணையத்தை அமைத்தது. துன்புற்றோர் வாய்திறந்து சொன்னார்கள், நாடே கேட்டது. அரசியல் நோக்கோடு குற்றம் செய்தவன் உண்மை முழுவதையும் ஒளியாது உரைத்தால் பொதுமன்னிப்புக் கோரலாம். ஏறத்தாழ 7,000 பேர் விண்ணப்பித்தனர்; மிகப் பெரும்பாலோருக்கு மறுக்கப்பட்டது.

குறையில்லாமலும் இல்லை. காவலில் மாண்ட ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார், இப்பொதுமன்னிப்பு நீதியைப் பறிக்கிறது என்று 1996இல் வழக்காடித் தோற்றனர். ஆணையம் பரிந்துரைத்ததினும் மிகக் குறைந்த இழப்பீட்டையே அரசு வழங்கிற்று. உண்மை பேசப்பட்டது, வயிறு நிரம்பவில்லை.

பிறர் செய்த தீங்கைப் பொறுப்பதினும் மறப்பது நன்று என்று வள்ளுவர் கூறவில்லையா என நண்பர்கள் கேட்கலாம். கூறினார், ஆனால் யாருக்குக் கூறினார்? தீங்கு பட்டவனுக்கு. அவன் விரும்பி மறந்தால் அது பெருந்தன்மை. தீங்கு செய்தவன் "மறந்துவிடு" என்றால் அது இரண்டாவது தீங்கு.

எங்கள் ஊருக்கு வருவோம். 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கமே மூடப்பட்டது. ஆண்டவர்கள் போயினர், ஒப்புதல் சொல்லிப் போகவில்லை. கேட்காத மன்னிப்பை எப்படி வழங்குவது?

நம்மால் ஆவது ஒன்றுண்டு. சுரங்கத்தில் உழைத்த முதியோரும் அவர்தம் மக்களும் சொல்வதை, மாணவராகிய நாம் கேட்டு எழுதி வைப்போம். மன்னிப்பதும் மன்னியாததும் அவர்கள் உரிமை. மறவாதிருப்பது நம் கடமை.